இந்த வாரம் நான் பரிந்துரைத்த கதை

இலக்கிய ரசனை இருப்பது குற்றமில்லை. அந்த ரசனையை நம்பி ஒருவனுக்கு வேலை கொடுப்பதுதான் ஆபத்து. இதை வேறு யாரையும் மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, போடி பக்கம் சிலமலையில் அப்பாவின் கண்ணில் படாமல் சாப்பிட்டு எழுந்திருக்கும் கலையில் நான்கு வருடம் தேறிய பிறகு, வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. யார் வேண்டுமானாலும் கதை எழுதி ஏற்றக்கூடிய ஒரு தமிழ் இணையதளம். வாசகர்கள் புகார் செய்யும் கதைகளை நான் படிக்க வேண்டும். வெறுப்பு, மிரட்டல், வன்முறைத் தூண்டல் இருந்தால் தூக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு இதை மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை முடிந்ததும் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "எம்மகன் கம்ப்யூட்டர்ல போலீஸா இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு போனைத் தொலைத்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். (மருமகளின் போனைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு மாமியாரும் வந்தார்.)

வாரம் ஒரு நல்ல கதையைப் பரிந்துரைக்கும் உரிமையும் எனக்கு இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

'துப்புரவு' என்று ஒரு தொடர் வந்தது. எழுதியவர் பெயர் முகில்நேசன். ஒரு மலை, ஓயாத மூடுபனி, ஜன்னலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். அவன் எதிரே தெரியும் ஐந்து கதவுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான். எந்தக் கதவு எப்போது சாத்தப்படுகிறது, உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறான். உள்ளே இருப்பவர்களைக் 'கறை' என்கிறான். ஒருநாள் மலை கறையைக் கழுவிக்கொள்ளும் என்கிறான்.

நான் சொக்கிப்போனேன். 'இங்கே கறை என்பது நவீன மனிதனின் குற்றவுணர்வு. ஐந்து கதவுகள் ஐம்புலன்கள்' என்று எழுதி, அந்த வாரப் பரிந்துரையில் முதலிடத்தில் போட்டேன். (ஐம்புலன்கள்! எழுதிவிட்டு எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.)

இரண்டாம் நாள் ஒரு புகார் வந்தது. எழுத்துப் பிழைகளோடு ஒரே வரி: 'இது கதை இல்ல. எங்க விடு.'

'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற வழக்கமான பதிலை அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். 'புனைவையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்' என்று சொந்தச் சரக்கையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் அதே ஆள்: 'கரை சொல்றது எங்கள.'

அப்போதுதான் தொடரை ரசனை இல்லாமல் ஒருமுறை படித்தேன். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் அவ்வளவும். உவமைகளை உரித்துப் போட்டால் உள்ளே ஒரு பட்டியல்தான் இருந்தது. கடைசி அத்தியாயம் அன்று காலைதான் ஏறியிருந்தது. அது இப்படி முடிந்தது: 'இந்த ஞாயிறு. ஐந்து கதவு, ஐந்து பூட்டு. வெளியிலிருந்து.'

தூக்கினேன். ஒரு மணி நேரத்தில் வேறு பெயரில் திரும்பி வந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு புகைப்படம். முதல் படத்தில் பனிக்குள் ஒரு வரிசை வீடு. அடுத்ததில் கதவுகள் மட்டும். அதற்கடுத்ததில் ஒரே ஒரு கதவு, வாசலில் ஒரு குழந்தையின் செருப்பு. எடுத்தவன் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. எல்லாப் படத்திலும் இடது மூலையில் ஒரு கோடு கிளை பிரிந்து ஓடியது. விரிசல் விட்ட கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறான்.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீடுகளுக்குப் பின்னால், பனி விலகிய ஓரிடத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டி. பாதி பச்சை, பாதி நீலம்.

உலகத்தில் அப்படி ஒரு தொட்டிதான் உண்டு. பச்சைப் பெயின்ட் பாதியில் தீர்ந்துபோய், மறுபாதிக்கு நீலத்தை அடித்தவன் நான். அது குரங்கணிக்கு மேலே, என் தாய்மாமாவின் ஏலத் தோட்டம்.

சென்னையில் இருந்த என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "கதைய எடுத்துட்டீங்களா?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். "அப்ப அந்தப் புகார் டிக்கெட்ட மூடிருங்க."

மாமாவும் அத்தையும் வைத்திருந்த ஒரே போன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை போடிக்குப் போனேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு நிமிடம் நின்றேன். உள்ளே போனால், இந்தக் கதையை ஊருக்கெல்லாம் படிக்கச் சொன்னது யார் என்று கேட்பார்களே என்று தோன்றியது. உயிர்கள் ஒரு பக்கம், என் ரசனையின் மானம் ஒரு பக்கம். நான் ஜீப்பில் ஏறினேன்.

மலையில் பத்து மணிக்கே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஜீப்பு இறக்கிவிட்டுப் போன சத்தம் நாலு எட்டில் அடங்கிப்போயிற்று. ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள். இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், பின்னால் யாரோ நடந்துவருவதுபோலக் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. (நான் நின்றால் நன்றாகக் கேட்க முடியாத அளவுக்கு என் இதயம் அடித்துக்கொண்டது என்பது பின்னால் புரிந்தது.)

லயம் தெரிந்தது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஐந்து கதவு. முதல் கதவருகே தலையோடு மூடிய மழைக்கோட்டில் ஓர் உருவம் குனிந்திருந்தது. காலடியில் ஒரு கேன், டீசல் வாடை. கையில் ஒரு பை. அது அசைந்தபோது இரும்பு இரும்போடு உரசியது. உருவம் பைக்குள் கைவிட்டு ஒரு புதுப் பூட்டை எடுத்து, நாதாங்கியில் வைத்துப் பார்த்தது.

கல்லூரியில் இரண்டு வாரம் கராத்தே போனவன் நான். கத்திக்கொண்டே பாய்ந்தேன். இரண்டு பேரும் வாய்க்காலில் உருண்டு, அட்டைகளும் சேறும் நிறைந்த பள்ளத்தில் போய் நின்றோம். மழைக்கோட்டின் தலைமூடி விலகியது.

மாமா.

"ஏலே மாப்ளே! கிறுக்குப் புடிச்சிருச்சாடா ஒனக்கு?"

சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தாள். அவள் பார்த்த காட்சி: மாமாவின் நெஞ்சின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். "அம்மா சௌக்கியமா?" என்று மாமா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். (அடிபட்டாலும் மரியாதை தவறாதவர்.)

என்னை அங்கிருந்த சூப்பர்வைசர் பால்ச்சாமியின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஐம்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர், கறி தொடாதவர். என் காலில் பதினேழு அட்டைகள். ஒவ்வொன்றையும் நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்து, நசுக்காமல், வாசல் இலையில் கொண்டுபோய் விட்டார்.

"அதுவும் உசுருதான தம்பி" என்றார். எனக்குக் காபி கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல போலீஸ் சோலியாமே ஒங்களுக்கு? யாரு எழுதுனாலும் கண்டுபிடிச்சிருவீகளோ?"

"அப்படியெல்லாம் முடியாதுண்ணே."

"அதான பாத்தேன்" என்று சிரித்தார்.

காபியை வாயருகே கொண்டுபோனபோது ஜன்னலைப் பார்த்தேன். இடது மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, கிளை பிரிந்து. அதற்கு அந்தப் பக்கம், பனிக்குள், ஐந்து கதவுகள்.

மெல்லத் திரும்பினேன். கட்டிலுக்கு மேலே சுவரில் லேமினேட் செய்த ஒரு தாள் தொங்கியது. 'ஐந்து கதவுகள் ஐம்புலன்கள்.' என் வாக்கியம்.

காபியை எப்படிக் கீழே வைத்தேன் என்று நினைவில்லை. வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல நான் கொலகாரன். இப்ப பால்ச்சாமி. மத்தியானம் யாருடா, ஒங்க அத்தையா?"

அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதை நம்புவதற்கு அந்த மலையில் அன்று ஒரு காரணமும் இல்லை. அதற்கான காரணங்களையெல்லாம் வாய்க்காலில் உருட்டிவிட்டவன் நான்தான்.

அத்தை மட்டும் என் போனை வாங்கி அந்தப் படங்களைப் பார்த்தாள். அந்த அறைக்குள் போனாள். ஜன்னல் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். திரும்பி வந்து மாமாவைக் கேட்டாள்.

"லயத்துக்குப் பூட்டு வேணும்னு ஒங்ககிட்ட கேட்டது யாரு?"

மாமாவின் கை மருந்தோடு நின்றது. "பால்ச்சாமிதான். டீசலும் அவருதான் கேட்டாரு, மருந்தடிக்கிற மிஷினுக்குன்னு."

"மிஷினு ஆடி மாசத்துலருந்து ரிப்பேராக் கெடக்கு."

மாமா மருந்தை வைத்துவிட்டு எழுந்து பால்ச்சாமியின் அறைப் பக்கம் நடந்தார்.

பால்ச்சாமி மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அறை வாசலில் நின்று, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கதைதான தம்பி. நல்லாருக்குன்னு ஒங்க ஆளுகளே போட்டிருந்தாகளே. அதுக்கப்புறந்தான் முடிவு எழுதணும்னு ஒரு இது வந்துச்சு."

அந்த முகத்தில் நான் தேடிய எதுவும் இல்லை. சற்று முன்பு அட்டையை இலையில் விட்டபோது இருந்த அதே முகம்.

மத்தியான ஜீப்பில் மாமாவே அவரைக் கீழே கூட்டிப்போய் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். நானும் போனேன், எல்லாப் பக்கங்களோடும், என் பரிந்துரையோடும். அங்கே அதை ஒரு போலீஸ்காரர் உரக்கப் படித்தார். ஐம்புலன்கள் வந்த இடத்தில் நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். (என் வாழ்நாளில் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம்.) விசாரித்தார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பால்ச்சாமி உண்மையிலேயே என்ன செய்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில மாதங்களில் அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

அந்த ஞாயிறு அத்தை லயத்து வாசலிலேயே அடுப்பு மூட்டினாள். குடும்பம் முழுக்க அங்கேதான் சாப்பிட்டோம். ஐந்து கதவுகளும் நாள் முழுக்க விரியத் திறந்து கிடந்தன. சாப்பாடு பரிமாறியபோதுதான் புகார் எழுதியவரைப் பார்த்தேன். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த சோமாரி என்ற பெண். போனில் பார்த்துப் பார்த்துத் தமிழ் படிக்கப் பழகியவர்.

"நல்ல கதைன்னு மேல போட்டிருந்துச்சு அண்ணே. அதான் தமிழ் பழக எடுத்துப் படிச்சேன்" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் மாமா எழுந்து நின்று, நான் பாய்ந்ததை நடித்துக் காட்டுவார். ஒவ்வொரு வருடமும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. அட்டைகள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டன. நெஞ்சின் மேல் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கதையை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை.

போன தை மாதம் அத்தை மகள் கல்யாணத்துக்குச் சோமாரியும் வந்திருந்தார். மாமா நடித்ததைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அந்த ஆளு இப்ப எங்க எழுதுறாரு அண்ணே?"

"தெரியலம்மா."

"இன்னும் அதே சோலிதான பாக்குறீங்க?"

"ஆமா."

"அப்ப வெரசாச் சாப்ட்டுட்டுப் போயிப் படிங்க" என்று என்னைப் பந்திக்குத் தள்ளிவிட்டார்.