புதையல் உறிஞ்சி

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு போர்ச்சுகீசியப் பீரங்கிக் குண்டையாவது எடுத்துக் காட்டலேன்னா என் பேரு ஸ்ரீனிவாசன் இல்ல!"

என் கணவர் இப்படிச் சபதம் செய்தபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெயரை மாற்றினால் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்குக் குண்டைத் தேடுவதே மேல் என்று விட்டுவிட்டேன்.

போர்ச்சுகீசியர் ஒரு காலத்தில் ஆண்ட வளைகுடா ஊரான மனாமாவில் ஒரு பம்ப் கம்பெனியில் அவர் சர்வீஸ் இன்ஜினியர். டிவியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கடலடி மணலை உறிஞ்சிப் பழம்பொருள் எடுத்ததைப் பார்த்துவிட்டார். உடனே ஒரு பழைய பம்ப், ஒரு தடிமனான ஹோஸ், என் கேக் டிரே மூன்று. ஹோஸ் மணலையும் தண்ணீரையும் உறிஞ்சி டிரேயில் கொட்டும். மணல் வழிந்து போகும். கனமான பொருள் தங்கும். இதற்குப் 'புதையல் உறிஞ்சி' என்று பெயர் வேறு.

முதல் வெள்ளிக்கிழமை கடற்கரையில் இரண்டு பெப்சி டின்னும் ஒற்றைச் செருப்பும் தங்கின. "பழசுதான்" என்றார், செருப்பைப் பார்த்து. இரண்டாவது வெள்ளி கோஸ்ட் கார்ட் வந்து "மாஃபி, மாஃபி, யல்லா" என்று விரட்டிவிட்டான். இயந்திரம் என் பால்கனியில், துணி காய்கிற இடத்தில் குடியேறியது.

காய்ந்த துணியும் லட்சணமாக இல்லை. குதைபியா பேட்டையில் இருக்கும் எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியில், அதாவது சம்ப்பில், சேறு. குழாயில் டீ வருகிறது, சர்க்கரைதான் இல்லை. வீட்டுக்காரர் ஐந்து மாதமாக "புக்ரா, இன்ஷா அல்லா" என்கிறார். அந்த நாளைதான் வரவில்லை. வருகிற ஞாயிறு எங்கள் தாரிணி ஸ்கூலில் ஹெட் கேர்ளாகப் பதவியேற்கிறாள். வெள்ளை யூனிஃபார்ம். அதை மூன்று முறை துவைத்தேன். முறைக்கு முறை ஒரு நிறம் ஏறியது.

"என்னங்க, அந்த மெஷினை சம்ப்ல ஒரு மணி நேரம் விட்டா..."

"தாமரை! இது ஆர்க்கியாலஜி. தொட்டி கழுவ நான் என்ன க்ளீனரா?"

"குழந்தை மேடையில காபி வடிகட்டின துணி மாதிரி நிப்பா. பரவாயில்லையா?"

"சோப்பை மாத்திப் பாரு."

நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் எந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாரோ அதைத்தான் நாங்கள் முதலில் படித்தோம். இந்த ஆளுக்கும் அதே வைத்தியம்தான்.

புதன்கிழமை தோசை வார்க்கும்போது ஆரம்பித்தேன்.

"வாட்ச்மேன் மூசா ஒண்ணு சொன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"என்ன சொன்னார்?"

"கூடாதுன்னேனே."

"தாமரை!"

"போர்ச்சுகீசியர் காலத்துக் கிணறு ஒண்ணு இங்க இருந்ததாம். அதுக்கு மேலதான் சம்ப்பைக் கட்டியிருக்காங்களாம். நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்."

"சேச்சே, எனக்கென்ன அங்க வேலை?"

வழக்கமாக ஆறு தோசை சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்தார். பால்கனியில் ஹோஸைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை தாரிணியோடு கோயிலுக்குக் கிளம்பினேன். அவருக்குத் திடீர்த் தலைவலி. திரும்பி வந்தால், தலைவலிக்காரர் சம்ப் வாயில் குப்புறப் படுத்திருக்கிறார். தண்ணீரில் இறங்கவில்லை. ஆனாலும் கண்ணில் நீச்சல் கண்ணாடி. பார்க்கிங் முழுக்கச் சேறு ஆறாக ஓடுகிறது. மூன்றாம் மாடி ஜுலைஹா பீவி பால்கனியில் நாற்காலியே போட்டுவிட்டாள்.

"என்ன அண்ணே, தொட்டி கழுவுறீங்களா?"

"இல்லம்மா... சும்மா ஒரு டெஸ்டிங்."

"நல்லா டெஸ்ட் பண்ணுங்க. அந்த மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு."

அந்த மூலையையும் உறிஞ்சினார். நாலு மணிக்கு டிரேயில் தங்கியவை: ஒரு ஸ்பூன், ஏழு ஹேர்பின், பச்சை பூத்த ஒரு காசு. என் டூத்பிரஷால் காசைத் தேய்த்தார். எழுத்து தெரிந்தது. நூறு ஃபில்ஸ், 1992.

ஞாயிற்றுக்கிழமை தாரிணி மேடையில் கொக்கு மாதிரி பளிச்சென்று நின்றாள். அப்பா முதல் வரிசையில் கை தட்டினார். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தபின்தான் அவருக்கு வெளிச்சம் வந்தது.

"தாமரை, சம்ப் அடியில வெறும் சிமெண்ட். கிணறு கிடையாது."

"அப்படியா?"

"நான் முட்டாள் இல்ல."

"யார் சொன்னா?"

"எல்லாம் புரிஞ்சுபோச்சு. இனிமே என்கிட்ட உன் பருப்பு வேகாது. நாளைக்கே மெஷினை விக்கறேன். கலாஸ், அவ்வளவுதான்!"

வாசல் மணி அடித்தது. பக்கத்துக் கட்டடத்துப் பிரபாவதி. கையில் ஒரு தட்டு மைசூர்பாகு. என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கலாம்னு வந்தேன். எங்க சம்ப் அடியில யாரோ ஒரு போர்ச்சுகீசியன் வாளை விட்டுட்டுப் போயிருக்கானாம்."

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டார். மெல்லக் குரலைத் தாழ்த்தி,

"எந்த நூற்றாண்டு?" என்று கேட்டார்.