ஒன்றாம் எண் கோப்பு

அந்த அலுவலகத்தின் பிரிண்டர் மேஜைமேல் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரோ அப்படி ஒரு வஸ்து கிடையவே கிடையாது என்று சாதித்தது. பதினோரு நாளாய் இதே வழக்கு. மகளின் இருப்பிடச் சான்றுக்காகத் தையல்காரம்மாவும் பதினோரு நாளாய் நடையாய் நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மெக்கானிக் வந்து சரிசெய்தார். சான்றும் அச்சாகி வந்தது. "என்னப்பா கோளாறு?" என்றார் அதிகாரி.

"பிரிண்டர் மாதிரி ஒரு சாமானை மாட்டினதும் கம்ப்யூட்டர் பெட்டி மோப்பம் பிடிச்சு, அது பேருக்கு ஒரு கோப்பு திறந்து நம்பர் குடுக்கும் சார். எது கேட்டாலும் அந்தக் கோப்பு வழியாத்தான். பிடுங்கினா கோப்பும் போயிடும்."

"கோப்பு இல்லேன்னா?"

"எதிர்ல நின்னாலும் இல்லாத மாதிரிதான்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒழுங்கான அலுவலகத்தை அவர் கண்டதில்லை.

"ஒண்ணு சார், முந்தி வர்றதுக்குத்தான் முதல் நம்பர். இன்னது எப்பவும் இன்னதுதான்னு தனியா விதி எழுதி வைக்கலேன்னா ஒருநாள்..."

"விதி எழுத எனக்கே சொல்லித் தர்றியா? கிளம்பு."

"கையெழுத்து ஐயா?" என்றாள் தையல்காரம்மா. "காலேஜ்ல நாளைக்குத்தான் கடைசி நாள்."

"அதனாலதான் நாளைக்கு வாங்கங்கறேன்."

மாலையே சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: 'நாளை முதல் இவ்வலுவலகத்துள் பிரவேசிக்கும் சகல ஜீவராசிகளும் வாசலில் கண்டறியப்பட்டு, வருகை வரிசைப்படி கோப்பு எண் பெறுவர். ஒன்றாம் எண் அதிகாரி. இரண்டாம் எண் உதவி அதிகாரி. வெளியேறிய கணமே கோப்பு அழிக்கப்படும்.'

அலுவலகத்தில் தானே முதல் ஆள் என்பதில் அதிகாரிக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

மறுநாள் எட்டு மணிக்கே தையல்காரம்மா வாசலில் நின்றாள். காவலாளி ஒன்றாம் எண் கொடுத்தார். பின்னாலேயே ஒரு பூனை நுழைந்தது; அதற்கு இரண்டு. மூன்று, குமாஸ்தாவுக்கு. பூனை உதவி அதிகாரியின் மேஜையில் ஏறிச் சுருண்டு தூங்கிற்று. வேலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"உட்காருங்கம்மா, உங்க நாற்காலி" என்றார் குமாஸ்தா.

"எனக்கெதுக்குய்யா? கையெழுத்து வாங்கத்தானே வந்தேன்."

"யார்கிட்ட வாங்குவீங்க? நீங்கதானே ஒண்ணு!"

அவள் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா பயபக்தியோடு முத்திரை குத்தினார். வெளியே நின்ற மகளிடம் ஜன்னல் வழியாகச் சான்றை நீட்டி, "ஓடு கண்ணு!" என்றாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். எண் ஏழு.

"யோவ், நான் யாருன்னு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது சார். ஆனா கோப்புல ஏழு" என்றார் காவலாளி.

வரிசையில் நின்று, வியர்த்து, ஒருவழியாக மேஜைமுன் வந்து சேர்ந்தார். "அம்மா, சுற்றறிக்கையில ஒரு வரி சேர்க்கணும். நான் எப்பவும் அதிகாரிதான்னு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

வந்த காரியம் முடிந்தாயிற்று, எழுந்து போயிருக்கலாம். ஆனால் தலைக்கு நேர்மேலே மின்விசிறி. தையல் மிஷின் முன்னால் குனிந்து குனிந்தே வளைந்த முதுகு. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள். வலி போன இடம் தெரியவில்லை.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் ஊரே வாசலில் முண்டியடித்தது. ஒருவர் கையிலும் மனு இல்லை.