வேல் மோதிரமும் மஞ்சள் கருவும்

இரண்டு மாதத்துக்குக் கவுச்சி தொடமாட்டேன், முட்டையைக்கூட மோந்து பார்க்கமாட்டேன் என்று வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் சத்தியம் பண்ணினான் ரகுபதி. கான்ட்ராக்ட் வேலை பர்மனென்ட் ஆன சந்தோஷத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவி தென்றல் விடுவாளா? கோயில் வாசல் கடையிலேயே வேல் போட்ட வெள்ளி மோதிரம் வாங்கி அவன் வலது கையில் மாட்டினாள்.

"நடுவுல வாய வெச்சீங்க, விரதம் மறுபடியும் மொதல்லேர்ந்து. சரியா?"

சரி என்றான். விரதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் மாமியார் சுந்தராம்பாள் மட்டன் பிரியாணி போடுவதாக வாக்கு. அந்தப் பிரியாணியை நினைத்துத்தான் மனுஷன் தினமும் கத்திரிக்காயை விழுங்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் விரதத்தின் கடைசி வாரம் பார்த்து, அவன் வேலை செய்யும் ஒரகடம் ஃபேக்டரி கேன்டீனில் தினமும் முட்டைக் குழம்பு போட்டால் அவன்தான் என்ன செய்வான்? முருகனுக்கு இங்கே கேட் பாஸ் கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்து பிசைந்து அடித்தான். ஒரு வாரம் ஓடியது. ஞாயிறு நெருங்குகிற நேரத்தில் பார்த்தால், மோதிரம் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கிறது!

மோதிரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு முலாம் பூசுகிற பிளேட்டிங் செக்‌ஷன் சாம்சனிடம் ஓடினான்.

"சாமி குத்தமாடா சாம்சன்?"

"சாமியும் இல்ல, குத்தமும் இல்ல. மஞ்சக்கருவுல கந்தகம் கீது. வெள்ளியப் புடிச்சிக்கிச்சு, அதான் கருப்பு."

"பிரிக்க முடியாதா?"

"பார்சல் கட்டற அலுமினியத் தாள் கீதுல்ல? அத கிண்ணத்துல விரிச்சு, ஆப்பசோடா போட்டு, கொதிக்கற தண்ணிய ஊத்தி மோதிரத்தப் போடு. அலுமினியத்தப் பாத்ததும் கந்தகம் வெள்ளிய வுட்டுட்டு அதோட ஓடிப்பூடும்."

"அடப்பாவி! கட்டினவள வுட்டுட்டா?"

"கெமிஸ்ட்ரில அப்டித்தான் மாமே."

அன்றைக்கே இருங்காட்டுக்கோட்டை வாடகை வீட்டில், தென்றல் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் வேலையை முடித்தான். மோதிரம் பளபள! அடுப்படியிலேயே ஒரு ஆட்டம் போட்டான். ஒன்றை மட்டும் சாம்சன் சொல்லவில்லை. ஓடுகிற கந்தகம் சும்மா ஓடாது, அழுகின முட்டை நாற்றத்தைக் கிளப்பிவிட்டுத்தான் ஓடும்.

கதவு திறந்தது. தென்றல்.

"இன்னாங்க இது, வூடு பூரா முட்டை நாத்தம்?"

"முட்டையா? சேச்சே! சயின்ஸு! மோதிரம் லேசா மங்கிப்போச்சு, பாலிஷ் போட்டேன்."

தென்றல் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "ஐயோ, உங்களுக்கு இவ்ளோ அறிவா!"

போதாதா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தவன். நெஞ்சை நிமிர்த்தினான்.

"வெள்ளில கந்தகம் ஒட்டிக்கும் தென்றலு. சோடாத் தண்ணில அலுமினியம் அத இழுத்துக்கும்."

"அந்தக் கந்தகம் எங்கேர்ந்துங்க வருது?"

"காத்துல. லாரிப் புகைல."

"நானும் அதே ரோட்லதான போறேன்? என் கொலுசு ஏன் வெள்ளையாவே கீது?"

"அட மக்கு! காத்துல கறுக்க மாசக்கணக்காவும். மஞ்சக்கருவுல வெச்சுப் பிசைஞ்சாத்தான் ஒரே வாரத்துல கன்னங்கரேல்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். வார்த்தை போய்விட்டது.

தென்றல் கத்தவே இல்லை. பையை நிதானமாக ஆணியில் மாட்டிவிட்டு, போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"யம்மா, ஞாயித்துக்கெழம பிரியாணில கறி தூக்கலாப் போடு. உன் மாப்ளைக்கு மட்டும் தயிர் சாதம், விரதத்த இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்காரு."