மறுகடிதம் வரும்வரை காலுறையைக் கழற்ற வேண்டாம்

ரண்டர்ஸ்
09.03.2026

அன்பின் றொபேட் அண்ணைக்கு,

தங்கை மாக்கிரட் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் இங்கு சுகம், டோஸ்ட்ருப்பில் நீங்களும் செலீனா மச்சாளும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும். நானும் தொடங்கிவிட்டேன், ஆனால் அதில் பாதி பொய். நாங்கள் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். மச்சாளுக்கான மன்றாட்டு மட்டும் உண்மை, உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறா, பாவம்.

கையில் போன் இருக்க ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேற்றுப் பூசை முடிந்ததும் போன் எடுத்தேன். "அண்ணை, இவரின்ர கால்..." என்று நான் வாய் திறக்க முதலே, "பிள்ளை, நோயைப் போனில கதைக்கிறேல்லை. முறைப்படி எழுது" என்றீர்கள். அதற்குப் பிறகு கால்மணித்தியாலம் காருக்கு டயர் மாற்றின கதையைச் சொன்னீர்கள். டயரைப் போனில் கதைக்கலாமாம், என் மனிசன்ர காலைக் கதைக்கக்கூடாதாம். சரி, முறைப்படி எழுதுகிறேன். இந்த நாட்டில் சிவப்புத் தபால்பெட்டிகளையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது கடிதத்தைச் சாமான் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கு. டென்மார்க்காரனே கைவிட்ட வேலையை நீங்களும் இவரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. நூலகம் கழித்துவிட்ட புத்தகக் குவியலுக்குள் கிடந்ததை எடுத்து வந்து வாசித்துவிட்டு, போன வருசப் பாஸ்குச் சாப்பாட்டில் கோழிக்கறி ஆற ஆற நாற்பது நிமிடம் பேசினீர்களே, மறப்பேனோ? முந்தின நூற்றாண்டுகளில் பெரிய பெரிய வைத்தியர்மார் நோயாளியைக் கண்ணாலும் காணாமல் கடிதத்திலேயே வைத்தியம் பார்த்தார்களாம். ஒரு சீமாட்டி தன் சிறுநீரின் நிறத்தை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்து எழுத, நானூறு மைலுக்கு அப்பால் இருந்தவர் அட்டை விடச்சொல்லிப் பதில் எழுதினாராம். "ஆளைப் பாத்தால் வைத்தியனுக்கு மனம் குழம்பும். எழுத்திலதான் நோய் சுத்தமா நிக்கும்" என்று மேசையில் தட்டினீர்கள். சனம் கை தட்டியது சாப்பிட விடுவீர்கள் என்ற சந்தோசத்தில். நீங்கள் அதை நம்பி, மைப்பேனாவும் நீல மையும் வாங்கிக் கடித வைத்தியராகிவிட்டீர்கள். அந்தக் காலத்தில் கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம். அதற்குள் நோயாளி ஒன்றில் தானாகச் சுகப்பட்டுவிடுவான், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்துவிடுவான். சுகப்பட்டால் வைத்தியருக்குப் பேர், செத்தால் தபால் பிந்திப்போச்சு. இப்படி ஒரு வசதியான உத்தியோகம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருசம் நின்றது உண்மைதான், மட்டைப்பெட்டி மடிக்கிற பகுதியில். அந்தப் பெட்டிக்குள் என்ன மருந்து போகிறதென்றுகூட உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நான் முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருசம் கிழவர்மாருக்குக் கால் கழுவினவள். என்னை ஒருத்தரும் டொக்டர் என்று கூப்பிடவுமில்லை, நான் மைப்பேனா வாங்கவுமில்லை.

இனி உங்கள் நோயாளிக்கு வருவோம். எங்களுடைய குடும்ப டொக்டர் பிள்ளை சீனி வருத்தத்தின் கணக்கைக் காட்டி, "ஒரு கிழமைக்கு என்னென்ன சாப்பிடுறீங்கள் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்று கேட்டதற்கு, "என்ர மகளின்ர வயசு, எனக்கு வீட்டுப்பாடம் தாறாள்" என்று கோபித்துக்கொண்டு வந்த மனிசன் உங்களுக்கு மட்டும் மாதம் மூன்று கடிதம் எழுதுகிறார். அவற்றின் நகல்களை என் தையல் சாமான் போடுகிற நீல பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார், என் ஊசிகள் எல்லாம் இப்போது தேத்தண்ணிக் கோப்பைக்குள். போன கிழமை நூல் தேடப்போய் முழுவதையும் வாசித்தேன். அண்ணை, நான் இப்படி ஒரு மனிசனைக் கலியாணம் கட்டவேயில்லை! கடிதத்தில் உள்ள அந்தோனிதாசன் காலை ஐந்து மணிக்கு எழும்பிச் செபம் சொல்லி, நாலு கிலோமீற்றர் நடந்து, குரக்கன் பிட்டுச் சாப்பிட்டு, சீனி இல்லாத தேத்தண்ணி குடிக்கிறார். வீட்டில் உள்ள அந்தோனிதாசன் எட்டரைக்கு எழும்பி, நாங்கள் இருக்கிற தெருமுனைக் கடைக்குக் காரில் போய், வெண்ணெய்யும் சீனியும் சொட்டுகிற பணிஸ் இரண்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றுதான். மற்றது காருக்குள் முடிந்துவிடும். தைமாதக் கடிதத்தில் "முன்னைவிட உடம்பு இலகுவாக உள்ளது" என்று எழுத, நீங்கள் "மிக்க மகிழ்ச்சி, சிகிச்சை பலிக்கிறது" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், கடிதத்தில் இருக்கிற மனிசன் நல்ல சுகம். எனக்கு வீட்டில் இருக்கிறவரைப் பற்றித்தான் கவலை.

மாசி மாதம் இவர் உங்களுக்கு எழுதினது: "வலது காற்பெருவிரலில் சிறிது நிறமாற்றம். வலி எதுவும் கிடையாது." நீங்கள் எழுதின பதில்: "வலி இல்லை என்பது நல்ல அறிகுறி. வேப்பெண்ணெய் தடவிக் காலுறை அணியவும். மறுகடிதம் வரும்வரை காலுறையைக் கழற்ற வேண்டாம்." அண்ணை, உங்களுக்குத் தலைக்குள் ஏதும் இருக்கோ? சீனி வருத்தக்காரனுக்கு நோவு இல்லையென்றால்தான் பயப்பட வேணும்! என்னுடைய இல்லத்தில் ஒரு பழைய கப்பல்காரர் இருந்தவர், நான் கால் கழுவப் போன ஒரு வெள்ளிக்கிழமை "ஒன்றும் நோகவில்லை" என்று சிரித்தார். அடுத்த மாத வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தவள்.

இன்றைக்குப் பதினொரு நாள், உங்கள் மறுகடிதம் வரவில்லை, இவர் சொக்ஸைக் கழற்றவில்லை. குளிக்கும்போது அந்தக் காலுக்குப் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கிறார். படுக்கும்போதும் அதே சொக்ஸ். நான் கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். "உமக்கென்ன தெரியும்? வைத்தியர் எழுதாமல் கழட்டேலாது" என்கிறார். சனிக்கிழமை வந்த மகள் எமிலியா மூக்கைச் சுழித்துக்கொண்டு, அப்பாவின் அறை மணக்கிறது, டொக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று டெனிஷில் சத்தம் போட்டாள். இவர் பேப்பரை விரித்துக்கொண்டு தமிழில் சொன்ன ஒரே பதில்: "கடிதம் வரட்டும்."

எனக்குப் பயமாயிருக்கு அண்ணை. நக்கலாக எழுதிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரவில் அந்தக் காலின் பக்கம் கையை வைத்துப் பார்க்கிறேன், சூடாக இருக்கு. நாற்பத்தொரு வருசம் சண்டை பிடித்தாலும் அந்த மனிசன் எனக்கு இரண்டு காலோடு வேணும்.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டேன். ஆனால் நான் சொன்னால் போகமாட்டார், மகள் சொன்னாலும் போகமாட்டார், போப்பாண்டவர் வந்து சொன்னாலும் உங்கள் கடிதம் எங்கே என்று கேட்பார். ஆகையால் நீங்கள் எழுதவேண்டியதை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கைப்பட, உங்கள் மையால், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் பார்த்து எழுதி அனுப்புங்கள்: "காலுறையை உடனே கழற்று. வியாழன் டொக்டரிடம் போ. மாக்கிரட் சொல்வதைக் கேள்." கடைசி வரியை விட்டுவிட நினைக்க வேண்டாம்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதித்து, முக்கியமாக அந்தப் பேனாவை ஆற்றிலோ குளத்திலோ விழப்பண்ணுவாராக. மச்சாளுக்கு என் அன்பும் அனுதாபமும்.

இப்படிக்கு,
இன்னும் உங்களைத் தமையன் என்று சொல்லிக்கொள்ளும்
மாக்கிரட்

பி.கு. (24.03.2026): மேலே உள்ளதை ஒட்டிக் கடைக்குக் கொண்டுபோய், வியாழனுக்கு முதல் டோஸ்ட்ருப் போகுமா என்று கேட்டேன். அங்கே நின்ற மனிசி தோளைக் குலுக்கினா. அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தந்த தண்டனை வரிகளை உங்கள் எழுத்திலேயே எழுதித் தந்தவள் நான்தான் என்பது ஞாபகம் இருக்குமே, அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. மகளின் பழைய மைப்பேனாவை எடுத்து அந்த மூன்று வரியையும் எழுதி, உங்கள் பழைய உறை ஒன்றுக்குள் வைத்து, எங்கள் கடிதப்பெட்டிக்குள் நானே போட்டேன். இவர் வாசித்தார், எழுந்து நின்றார், சொக்ஸைக் கழற்றினார். வியாழன் ஒன்பதரைக்கே சப்பாத்தோடு வாசலில் நிற்கிறார். டொக்டர் பிள்ளை காலைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு உயிர் போய் வந்தது. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். நகம் போச்சு, விரல் இருக்கு, ஆண்டவருக்குத் தோத்திரம். கொமூனில், அதுதான் நகரசபையில் இருந்து தாதி வந்து ஒன்றுவிட்ட ஒரு நாள் கட்டு மாற்றுகிறா. இவர் வாறவன் போறவனுக்கெல்லாம், "றொபேட் மச்சான் டோஸ்ட்ருப்பில இருந்துகொண்டே கண்டுபிடிச்சவன்! டொக்டர்மாருக்கு ஏலுமோ?" என்கிறார். நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன், சீனி இல்லாமல். சீனியை நிறுத்தச் சொல்லி இரண்டாம் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மூன்றாம் கடிதத்தில், சுடுதண்ணியில் கோப்பை கழுவுவது சீனி வருத்தக்காரரின் விரல் நரம்புகளுக்கு நல்லது என்று எழுதியிருந்தீர்கள், இரண்டு நேரமும் கழுவுகிறார். உங்கள் அசல் மறுகடிதம் போன செவ்வாய்தான் வந்தது: "காலுறை இன்னும் ஐந்து நாள் இருக்கட்டும்." அதை வேதப்புத்தகத்தில் யோபு ஆகமத்துக்குள் வைத்திருக்கிறேன், இவர் அந்தப் பக்கம் போகமாட்டார். இனி இவருக்கு நீங்கள் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். கோயிலில் இன்னும் இரண்டு பெண்டுகள் தங்கள் மனிசன்மாருக்கும் உங்களிடமிருந்து கடிதம் வேணும் என்று கேட்டிருக்கினம். மகளின் பேனாவில் மை முடியப்போகிறது, உங்கள் நீல மை எந்தக் கடையில் வாங்கினது என்று உடனே தெரியப்படுத்துங்கள். போனில் சொல்ல வேண்டாம். முறைப்படி எழுதுங்கள்.