மட்ட டயர்

பாளையங்கோட்டை,
கார்த்திகை 11.

அன்புள்ள மாப்பிள்ளை குமரவேலுக்கு, மாமா சிவசண்முகம் நல்லாசியோடு எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சின்னவள் சுப்ரஜாவும் நலம். ஜீப் நலமில்லை. போனில் நீங்கள் சொல்வது ஒன்று, எனக்குக் கேட்பது ஒன்று என்று ஆகிவிட்டதால் கடிதமே எழுதுகிறேன்.

சுப்ரஜாவுக்கு வந்த வரன் உங்களுக்குத் தெரியும். பையனின் அப்பா நெல்லையப்பன், பெண்ணைப் பார்க்குமுன் நம் சீவலப்பேரி வயலைப் பார்க்க வேண்டும் என்றார். மழை பெய்து வயல்பாதை முழுக்கக் களிமண் குழைந்து கிடக்கிறது, என்ன டயர் போடலாம் என்று உங்களிடம் கேட்டேன். லீவு நாளெல்லாம் சேற்றில் வண்டியை விட்டு வீடியோ போடுகிறவர் அல்லவா! "மட் டயர் போடுங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். சேறு என்று தமிழில் சொன்னால் வாயில் ஒட்டிக்கொள்ளுமா? என் காதில் 'மட்ட டயர்' என்று விழுந்தது. தேய்ந்த டயர் தரையில் மட்டமாகப் படியும், வழுக்காது, என்ன இருந்தாலும் இன்ஜினியர் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

டயர் கடை பாக்கியசீலன் திகைத்துப்போனார். "அண்ணாச்சி, மட்ட டயரா? நெசமாத்தான் கேக்கியளா?"

"எங்க மாப்ள சொல்லிருக்காரு வே. இருக்கதுலயே மட்டமா எடும்" என்றேன், பெருமையாக வேறு. கடைக்குப் பின்னால் ஆடு படுத்திருந்த நாலு டயர்களை, ஆட்டை எழுப்பிவிட்டு எடுத்து மாட்டினார்.

அப்புறம் என்ன, நெல்லையப்பனை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். களிமண்ணைத் தொட்டதும் ஜீப் நான் திருப்பிய பக்கம் போகாமல் தனக்குப் பிடித்த பக்கம் பைய நகர்ந்து, நட்ட வயலுக்குள் இறங்கிவிட்டது. நெல்லையப்பன் கதவைத் திறந்து காலை வைத்தார், முழங்கால் வரை காணவில்லை. டிராக்டரோடு இழுக்க வந்த வன்னியராஜ் டயரைத் தடவிப் பார்த்தான். "என்னய்யா இது, ஒரே வழுக்கையால்லா இருக்கு? டயர் மேல துருத்திட்டிருக்க பட்டனுக்குப் பட்டன் நல்லா எடவெளி இருந்தாத்தான சேறு அங்கன அடையாம உதிரும்?" நெல்லையப்பன் தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறியவர்தான், ஒரு பதிலும் இல்லை. வன்னியராஜ் விளக்குகிறான், பி.இ. படித்த உங்களுக்கு விளக்கத் தெரியவில்லை. சுப்ரஜாவுக்கு இருபத்தெட்டு முடிகிறது. இந்த வரனும் போனது உங்கள் ஒற்றை வார்த்தையால்தான். எனக்கு மனசே ஆறவில்லை.

உங்களுக்கும் என் மகள் சித்ரலேகாவுக்கும் முருகன் நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்களுக்கு மட்டும் கூடுதலாக, போனில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசும் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா சிவசண்முகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சுப்ரஜாவிடம் படிக்கக் கொடுத்தேன். அன்று போன் ஸ்பீக்கரில் இருந்ததாம், நீங்கள் சேற்று டயரைத்தான் சொன்னீர்கள் என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். ஏன்மா சொல்லவில்லை என்றேன். "என்னப் பாக்கதுக்கு முந்தி வயலப் பாக்கணும்னாருல்லாப்பா? நல்லா எறங்கிப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்" என்கிறாள். மேலே உங்களைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். நியாயமாகப் பார்த்தால் அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது. முதலில் வயலைப் பார்க்க வேண்டும் என்று நெல்லையப்பன் கேட்டதும் சரி என்று தலையாட்டியவன் நான்தானே.