குடும்பத் தலைவரை அழைத்து வரச் சொன்ன விஷயமாக

உறையூர்,
22-8-1963, வியாழக்கிழமை, மாலை.

மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் மேஸ்திரி, மரியாதைக்குரிய மைத்துனர் பெரியண்ணன் அவர்களின் சமூகத்துக்கு, இரண்டாம் வகுப்பு ஆசிரியரும் தங்கள் தங்கை ரெங்கம்மாளின் கணவனுமாகிய செல்லக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும், வீட்டில் அக்காவும், மில்லும் சௌக்கியமாக இருக்க சமயபுரத்தாள் அருள வேண்டும். என் சௌக்கியத்தைப் பற்றி எழுதுவதானால், என் மனைவியும் மகள் மயிலம்மாளும் செவ்வாய்க்கிழமை காலை முதல் தங்கள் வீட்டில் இருப்பதால், அதில் முக்கால் பங்கு தங்களிடமே இருக்கிறது. ரெங்கம்மாள் தங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருந்தாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் நடந்ததை நடந்த வரிசையில் நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால் குற்றம் கொஞ்சம் சிறியதாகத் தெரியும் என்பது பதினோரு வருட ஆசிரியர் அனுபவத்தில் கண்டது.

இந்த வருஷம் இரண்டாம் வகுப்புக்குச் சமூக பாடத்தில் "நம் குடும்பமும் நம் வீடும்" என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பெரிய படமும் உண்டு. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அம்மா சிரித்துக்கொண்டே சமைக்கிறாள், ஒரு பையன், ஒரு பெண், வாசலில் ஒரு நாய். படத்தை நான் ஆணியில் மாட்டியதும் வெள்ளைச்சாமி என்கிற பையன் எழுந்து, "சார், மீதிப் பேரெல்லாம் சாவு வீட்டுக்குப் போயிருக்காங்களா சார்?" என்று கேட்டான். அவன் வீட்டில் இருபத்திரண்டு பேர். குடும்பம் என்றால் இவ்வளவுதான் என்று நான் சொன்னதற்கு, "அப்ப நம்ம வீட்ல இருக்கறவங்கள்லாம் யாரு சார்?" என்றான். இதற்குப் பதில் ஆசிரியர் துணைநூலில் இல்லை. ஆகவே நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கத்தில்தான் "குடும்பத் தலைவர்" இருந்தார். அங்கே போகாமல் இருந்திருந்தால் இன்று நான் வீட்டில் சுடுசோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை டிப்டி இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார் என்று தாக்கீது வந்திருந்தது. அவர் முன்னால் புதுமையாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். புதுமை எனக்கு ஆகாது, மச்சான், அது தங்களுக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஏதோ ஒரு வேகத்தில் பிள்ளைகளைப் பார்த்து, "திங்கக்கிழமை ஒவ்வொருத்தரும் உங்க வீட்டுக் குடும்பத் தலைவரைக் கூட்டிக்கிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டேன். யார் சார் தலைவர் என்று கேட்டார்கள். யார் சம்பாதித்து எல்லோருக்கும் சோறு போடுகிறார்களோ, யார் சொன்னால் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்களோ அவர்தான் என்றேன். இது இரண்டும் ஒரே ஆள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்காக ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டு ஒரு படிவமும் தயார் செய்தேன். பெயர், பிள்ளைக்கு என்ன உறவு, தொழில், பெண்ணாக இருந்தால் கணவர் பெயர், கணவர் வராத காரணம் என்று ஐந்து கலம். ஞாயிறு முழுக்க அதே வேலை. ரெங்கம்மாள் பக்கத்தில் வந்து வந்து நின்றாள். ஏதோ சொன்னாள் போலவும் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ரங்கசாமி ஐயங்கார் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மனுஷர், நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. அவர் உட்கார்ந்த கையோடு வெள்ளைச்சாமி வீட்டிலிருந்து அவன் அப்பா, பெரியப்பா, தாத்தா மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேரும் தலைவராம். ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்று மூன்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "நானு உசுரோட இருக்கறப்ப எவன்டா தலைவன்?" என்று தாத்தா கேட்டார். "நெல்லு வெதைக்கிறது நானு, வித்துட்டு வர்றது நானு, தலைவரு மட்டும் நீங்களா?" என்று பெரியப்பா கேட்டார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பாகத்தைப் பிரித்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷமாக ஒன்றாக இருந்த குடும்பம், மச்சான். என் வகுப்பில் முக்கால் மணி நேரத்தில் பிரிந்தது. இன்ஸ்பெக்டர் என் காதோடு, "பாடம் நன்னாத்தான் மனசுல பதிஞ்சிருக்கு ஓய். ஒரு குடும்பம் இப்போ மூணாயிடுத்து" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆரிஃபா. அவள் அம்மா சாரா பீவி, வீட்டுக்காரரைப் பெரிய போட்டோவாகக் கொண்டுவந்தார். அவர் பினாங்கில் கடையில் இருக்கிறார், ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. போட்டோவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். நீங்களும் உட்காருங்கள் என்றேன். "அவுங்க முன்னாடி எப்புடிங்க உக்கார்றது?" என்றார். பிறகு அம்மாசி எருமையோடு வந்தான். என்னடா இது என்று கேட்டால், "எங்கப்பா வேலைக்குப் போவாது சார். இது கறக்கற பாலுலதான் வீட்ல எட்டுப் பேரும் சாப்பிடறோம். இது படுத்துக்கிட்டா எல்லாரும் பட்டினிதான். நீங்கதான சார் சொன்னீங்க?" என்றான். நான் சொன்னபடிதான் செய்திருக்கிறான், அடிக்கவும் முடியாது. படிவத்தில் தொழில் என்ற கலத்தில் பால் வியாபாரம் என்று எழுதினேன். எருமை வாசல் நிலையில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இன்ஸ்பெக்டர் விசிறியால் வீசிக்கொண்டே, "எங்காத்துல பெருமாள்தான் எஜமானர். அவருக்கு அப்பறம் எங்காத்துக்காரி. நான் வெறும் குமாஸ்தா" என்று பொதுவாகச் சொன்னார்.

இந்தக் கலவரத்தில் நான் தலை நிமிரவே இல்லை. அதைத் தாங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக மேஜைக்கு முன் வந்து நிற்கிறார்கள், நான் கேட்கிறேன், எழுதுகிறேன். பெயர் என்றேன். ரெங்கம்மாள் என்று பதில் வந்தது. ஊரில் எத்தனையோ ரெங்கம்மாள். பிள்ளைக்கு என்ன உறவு என்றேன். அம்மாங்க என்றது குரல். கணவர் பெயர் என்றேன். பதில் இல்லை. "சொல்லுங்கம்மா, கூச்சப்படாதீங்க, இது சர்க்கார் காரியம்" என்றேன். அப்போதும் இல்லை. நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதனால் நானே விட்டுக்கொடுத்து, "சரி, என்ன வேலை பாக்கறார்?" என்றேன்.

"வாத்தியார் வேலைங்க."

"எந்த ஸ்கூல்ல?"

"இங்கதாங்க."

"இங்கன்னா எங்கம்மா, தெளிவா சொல்லுங்க."

"அந்த நாக்காலியிலதாங்க."

மச்சான், அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கள் தங்கை நிற்கிறாள், பச்சைப் புடவை, கையைப் பிடித்துக்கொண்டு மயிலு, அவளும் என் வகுப்புதான். அதற்குள் கணவர் பெயர் என்ற கலத்தில் "சொல்ல மறுக்கிறார்" என்றும், வராத காரணம் என்ற கலத்தில் "பொறுப்பின்மை" என்றும் எழுதி முடித்துவிட்டேன். நான் எழுதியதை வகுப்பே பார்த்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சமாளிப்பதற்காக மயிலுவிடம், "ஏம்மா, நான்தான் இங்கயே இருக்கேனே, அம்மாவை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பென்சில் வாங்கணும்னாலும் நீங்க 'அம்மாவைக் கேளு'ம்பீங்க, காய்ச்சல்னாலும் 'அம்மாகிட்டச் சொல்லு'ம்பீங்க. அதான் அம்மாவைக் கூட்டியாந்தேன்" என்று குழந்தை இன்ஸ்பெக்டருக்கும் கேட்கிற மாதிரி, நான் சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ரெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழுதிருப்பாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு விளக்கம் எழுதி மறுநாளே தர வேண்டியிருந்தது, எருமை எப்படி வந்தது என்று. எழுதி முடிக்க நேரமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது ரெங்கம்மாள் வந்து முன்னால் நின்றது ஞாபகம் இருக்கிறது. தலை நிமிர்ந்தபோது அவளும் இல்லை, குழந்தையும் இல்லை, தகரப் பெட்டியும் இல்லை. மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறினார்கள் என்று தெருமுனைக் கடைக்காரர் சொன்னார்.

அன்றிலிருந்து மூன்று நாளாக நான் உப்பு டப்பாவைத் தேடுகிறேன். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் தீய்ந்தது, இன்று அரிசியாகவே இருக்கிறது. வீடு என்பது வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் நம்மைக் காப்பது என்று நேற்று வகுப்பில் பாடம் நடத்தினேன். கூரை அப்படியேதான் இருக்கிறது மச்சான், ஒழுகக்கூட இல்லை, ஆனால் உள்ளே நுழைய மனசு வரமாட்டேன் என்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் தெப்பக்குளம் வரை நடந்து போய்விட்டு, அங்கே ஒரு வேலையும் இல்லாததால் திரும்பி வருகிறேன். மயிலு இருந்தால் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்வாள், நான் திருத்துவேன். இப்போது ஏழெட்டு எவ்வளவு என்று தப்பாகச் சொல்லக்கூட ஆள் இல்லை. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே அதை எழுதவில்லை.

ஆதலால் கீழ்க்கண்டபடி சம்மதிக்கிறேன். குடும்பத் தலைமையை ரெங்கம்மாளிடம் ஒப்படைக்கிறேன். வேண்டுமானால் முத்திரைப் பத்திரத்தில் எழுதித் தருகிறேன், சாட்சிக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார், அவருக்கு இதில் அனுபவம் உண்டு. இனிமேல் அவள் பேசும்போது கையில் இருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். படிவத்தில் "பொறுப்பின்மை" என்று எழுதியதை அடிக்க மாட்டேன், அது சரியாகத்தான் இருக்கிறது. தாங்கள் பெரியவர், தங்கைக்குத் தங்கள் பேச்சு வேதம். அவள் கோபத்தை ஆற்றி, அவளையும் குழந்தையையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவைத்தால், ஆயுசு உள்ளவரை தங்களை மறக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. மயிலுக்கு ஒரு முத்தம், வாய்ப்பாட்டை மறக்க வேண்டாம் என்று சொல்லவும். ரெங்கம்மாளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தாங்களே பொருத்தமாக ஒன்று சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
குடும்பத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிய,
வி. செல்லக்கண்ணு.

பி.கு.: கவரை ஒட்டப் போகும் சமயம் பக்கத்துப் போர்ஷன் ஷரபுன்னிசா வாசலில் வந்து, "என்னா சார், இன்னமும் கெளம்பலியா? விடிஞ்சா மயிலுக்குக் காதுகுத்து, மாமன் மடியில புள்ள உக்காரணும், நீங்க இங்க உக்காந்து கடிதாசி எழுதறீங்க?" என்று கேட்டார். எந்தக் காதுகுத்து என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இருபது நாளைக்கு முன் தாங்களே நேரில் வந்து, என் எதிரில் உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டு, நாள் குறித்துவிட்டுப் போனீர்களாம். ரொம்ப சந்தோஷம் என்று நான் சொன்னேனாம். ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மாள் மூன்று தடவை ஞாபகப்படுத்தினாளாம். செவ்வாய்க்கிழமை காலை, "நாங்க முன்னாடி போறோம், நீங்க வியாழக்கிழமை சாயங்காலம் வந்துடுங்க" என்று என் முன்னால் நின்று சொன்னதற்கு, நான் தலை நிமிராமல், "சரி, உக்காரு" என்றேனாம். பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ரெங்கம்மாளும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம், அன்றைக்கு ரெங்கம்மாள் முந்தானையால் மூடிக்கொண்டதும் சிரிப்பைத்தானாம். இந்தக் கடிதம் தபாலில் வந்தால் சனிக்கிழமைதான் கிடைக்கும். எழுதியதைக் கிழிக்கவும் மனம் இல்லை. ஆகவே ஆறு மணி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். ரெங்கம்மாள் கேட்டால், மாப்பிள்ளைக்கு நாள் நன்றாக ஞாபகம் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவும். அவள் நம்ப மாட்டாள். இருந்தாலும் தாங்கள் சொல்லவும்.