மாவீரர் கொண்டுவந்த சீர்

கெடுதல் செய்து கெடுப்பவர்களை நமக்குத் தெரியும். தூரத்தில் பார்த்தாலே சந்து மாறிப் போய்விடலாம். உதவி செய்தே கெடுப்பவர் என்று இன்னோர் இனம் இருக்கிறது. இவரிடமிருந்து தப்ப முடியாது. ஏனென்றால் இவர் நல்லவர். அதுவும் சாதாரண நல்லவர் இல்லை, கேட்பதற்கு முன்பே ஓடி வருகிற நல்லவர். இவருக்கு உபகாரப் பலசாலி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நீங்கள் புது போன் வாங்கினால், கற்றுத்தருகிறேன் என்று வாங்கி, அரை மணி நேரம் தானே நோண்டி, "எல்லாம் செட் பண்ணிட்டேன்" என்று திருப்பித் தருவார். பந்தியில் ஆசையாகச் சாம்பார் வாளியைத் தூக்கினால், "நீங்க உக்காருங்க, மேல கொட்டிக்குவீங்க" என்று பிடுங்கிக்கொள்வார். அவரை நீங்கள் எங்கும் பார்க்கலாம். ஆனால் முழு அலங்காரத்தோடு தரிசிக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நெருப்பெரிச்சல் என்கிற ஊருக்கு வர வேண்டும்.

அங்கே ஒரு பனியன் கம்பெனியின் மாடியில், வாரம் முழுக்கத் துணி வெட்டுகிற நீள மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியால் மேசைமேல் காடு, கோட்டை, அகழி எல்லாம் வரைந்திருக்கும். பட்டன்கள்தான் எதிரிப் படை. காலியான நூல் கோன்தான் ராட்சசன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இன்னது செய்கிறேன்" என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் ஜெயம். சின்ன எண் விழுந்தால் கால் இடறும். ஆட ஆடப் பாத்திரத்துக்குப் பலம் ஏறும். விளையாட்டு அவ்வளவுதான்.

கதை நடத்துபவன் குகன். வாரத்தில் ஆறு நாள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தையல் மாஸ்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. சரக்கு கப்பலேறும் தேதியைப் பார்க்காமல் அவன் நினைக்கிற ஒரே காரியம் இந்த விளையாட்டுதான். அதனால் இதன்மேல் அவனுக்கு உயிர்.

மேசை, மாடி, ஏசி, நாலு மணிக்கு வரும் தேங்காய் பன், எல்லாம் சண்முகவேல் உபயம். கம்பெனி முதலாளி. விளையாட்டில் அவர் பாத்திரத்தின் பெயர் இடிவேலன். குகன் முதல் கதை சொன்ன நாளிலிருந்து ஆடிவருவதால் இடிவேலனிடம் இல்லாத பலமே இல்லை. மின்னல் வேல், எதுவும் துளைக்காத கவசம், பறக்கும் குதிரை. ஆளும் தங்கமானவர். அதுதான் தொல்லை.

புதிதாக வந்தவள் பிரிசில்லா. பக்கத்துக் கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. அவள் பாத்திரம், எந்தப் பூட்டையும் ஊக்கால் திறக்கும் திருடி. சேர்ந்த நாளில் குகனின் கதையில் ஒரு பூட்டிய கதவு வந்தது. அவள் பகடையைக் கையில் எடுத்தாள்.

"எதுக்குங் கண்ணு உனக்குச் சிரமம்? நான் ஒரு ஒதை உட்டர்றேன்" என்றார் சண்முகவேல். கதவு போயிற்று. அடுத்த கதவும் போயிற்று. அவள் திருட வேண்டிய புதையலையும் அவரே எடுத்து, சுத்தமாகத் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். "வெச்சுக்க அம்மிணி." இதற்குமேல் ஒரு திருடியை எப்படி அவமானப்படுத்துவது?

குகனோடு வேலை பார்க்கும் மதுமதியின் நிலைமை இன்னும் பரிதாபம். அவள் பாத்திரம் வைத்தியச்சி. இடிவேலன் யாருக்கும் ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை என்பதால், அவள் இதுவரை யாருக்கும் ஒரு பற்றுகூடப் போட்டதில்லை.

குகன் சும்மா இருந்தானா? பெரிய ராட்சசனாகக் கொண்டுவந்தான். இடிவேலனுக்கு ஈடான ராட்சசன் மூச்சு விட்டாலே மற்ற இருவரும் செத்துப்போவார்கள். அவர்களுக்கு ஈடான ராட்சசனோ இடிவேலன் தும்மினாலே காலி. சரி என்று ஒரு நாள் இடிவேலனை மட்டும் ஏழு மலைக்கு அப்பால் தனியாக அனுப்பிவைத்தான். அவர் குதிரையைத் தட்டிவிட்டு உடனே திரும்பிவிட்டார். "புள்ளைங்க அங்க தனியா என்ன பண்ணுதுங்களோன்னு மனசே கேக்கலீங் தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. இப்படிப்பட்டவரை என்ன சொல்லித் திட்டுவது?

அன்றைக்குக் கிளம்பும்போது பிரிசில்லா குகனிடம் மெல்லச் சொன்னாள். "அடுத்த வாரத்துக்கப்புறம் நான் வரலீங்ணா. துணி தொவைக்கறதுக்கே ஞாயித்துக்கெழமை செரியாப் போயிருது."

இதற்குமுன் வந்தவர்கள் எல்லாரும் இதே மாதிரித் துணி துவைக்கத்தான் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இவளும் போனால் விளையாட்டையே மூட்டை கட்ட வேண்டியதுதான். குகனுக்கு அழுகையே வந்தது. அன்று ராத்திரி தைரியத்தையெல்லாம் திரட்டிச் சண்முகவேலுக்குப் போன் போட்டான்.

"ஏனுங்ணா, இடிவேலன் ரொம்ப நாளாப் பாடுபட்டுட்டாருங்க. அவருக்கு ஓய்வு குடுத்துட்டு, நீங்களும் புது ஆளா ஆரம்பிச்சா என்னங்?"

"அதுக்கென்னங் தம்பி, செஞ்சுட்டாப் போச்சு" என்றார். ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. குகன் நம்பிவிட்டான். உபகாரப் பலசாலி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது வீரன் வந்தான். பெயர் குட்டிவேலன். பலம் ஒன்றுமில்லை, ஆயுதம் ஒன்றுமில்லை. "மொதக் காட்சி, நம்ம குட்டிவேலனுக்குக் காதுகுத்துங் தம்பி" என்றார் சண்முகவேல். குகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருகன் மலைக்கோயில், பந்தல், மேளம், வடை பாயச விருந்து என்று வர்ணித்துத் தள்ளினான். வர்ணித்த வேகத்தில் அவனே கேட்டான்: "பையனை மடியில உக்கார வெக்கோணுமே, தாய்மாமன் யாருங்ணா?"

"இடிவேலனுங்க" என்றார் சண்முகவேல். "பையனோட அம்மாகூடப் பொறந்தவரு. சீர் கொண்டு வந்திருக்காரு."

தாம்பாளம் தாம்பாளமாக வந்தது சீர். மின்னல் வேலுக்குச் சந்தனம் தடவியிருந்தது. கவசம் பட்டுத்துணி போர்த்தி வந்தது. பறக்கும் குதிரை கழுத்தில் மாலையோடு வந்தது. விதிப்படி, புது ஆளுக்கு இதெல்லாம் கூடாது என்று குகன் சொல்லிவிடலாம். ஆனால் தாய்மாமன் சீரைப் பந்தலில் வைத்துத் திருப்பி அனுப்புவதற்கு இந்தச் சீமையில் பிறந்த எவனுக்கு நாக்கு வரும்? விளையாட்டாக இருந்தாலும் வராது.

அப்போதுதான் பிரிசில்லா தொண்டையைச் செருமினாள்.

"இடிவேலனுக்கு மூத்த அக்கா ஒருத்தங்க இருந்தாங்கல்லீங்? அவங்க மகதானுங் நான். எனக்கும் இன்னும் காது குத்தலீங்."

மதுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா கடைசித் தங்கச்சிங்க" என்றாள். "மாமன் எங்களை மறந்துருவாருன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க."

சண்முகவேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மருமகனுக்குக் குதிரை கொடுத்துவிட்டு இரண்டு மருமகள்களை வெறுங்கையோடு அனுப்பினால் அப்புறம் ஊருக்குள் இடிவேலன் தலைகாட்ட முடியுமா? "ஐயோ, அழுகாதீங்க சாமி" என்றார், மெய்யாகவே பதறி. குதிரை திருடிக்குப் போயிற்று. கவசம் வைத்தியச்சிக்குப் போயிற்று. கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத இனம் அல்லவா?

குகனுக்கும் வீரம் வந்தது. கோயில் பூசாரியின் குரலில் கேட்டான்: "மலைமேல நின்னுக்கிட்டு, அந்த மின்னல் வேலை எங்கீங் கொண்டு போறீங்க? ஆண்டவனுக்கில்லீங்களா?"

முருக பக்தர் என்ன சொல்லுவார்? மின்னல் வேல் சந்நிதியில் ஏறிற்று. குட்டிவேலனுக்கு மிஞ்சியது கட்டியிருந்த வேட்டியும் குத்திய காதும்.

பிறகு காட்டுக்குள் ஒரு கோட்டை. கோட்டைக்கு ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு. பிரிசில்லா பகடையை எடுத்தாள். சண்முகவேலின் கை தானாக நீண்டது. பாதி வழியில் அவரே பார்த்துவிட்டு, அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வாயை அப்படிச் செய்ய முடியாதே. "கொஞ்சம் தாழ்த்தி உருட்டு கண்ணு."

அவள் உயர்த்தியே உருட்டினாள். இரண்டு விழுந்தது. ஊக்கு உடைந்தது. காவலர்கள் விழித்துக்கொண்டார்கள், ஓட்டம் பிடித்தார்கள் நம்மவர்கள், குட்டிவேலன் தொடையில் அம்பு தைத்தது, வைத்தியச்சி ஓடிவந்து தன் வாழ்நாளின் முதல் பற்றைப் போட்டாள். பிரிசில்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தான் கெடுத்த காரியம், யாரும் துடைத்துக் கொடுக்காத காரியம். படி இறங்கும்போது, "அடுத்த வாரம் எத்தனை மணிக்குங்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

சண்முகவேலைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், சரி. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் பகடையை எடுத்தபோது, அந்தக் கதவைத் திறக்க அவள் வழியைவிட நல்ல வழி ஒன்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? இப்போதுகூட உங்கள் வீட்டு அடுக்களையில் யாரோ மிக்சி மூடியைத் தப்பான பக்கம் திருகுகிற சத்தம் கேட்கிறது.

எழுந்துவிட்டீர்கள், பாருங்கள். உட்காருங்கள்.